ஒரு கொப்பரை, பல வயிறுகள்: நாய்க் கொட்டில்களில் தீனி வைத்த வரலாறு

பல நாய்கள் சேர்ந்து வாழும் இடத்தில் தீனி வைப்பது தனித் தொழில். ஒரே தொட்டியில் கொட்டிவிட்டால் வலுத்த நாய் இளைத்த நாயின் பங்கையும் தின்றுவிடும். பெருந்தீனிக்காரன் கொழுத்துப் போவான்; பயந்த சுபாவம் உள்ளது அரை வயிற்றோடு ஒதுங்கும். வளரும் குட்டி, பால் கொடுக்கும் தாய், நாள் முழுக்க ஓடுவது, கிழடு, நோயாளி என ஒவ்வொன்றுக்கும் உணவும் வேறு, அளவும் வேறு. எதற்கு எதை வைப்பது, எவ்வளவு வைப்பது, எதை முதலில் தின்னவிடுவது என்ற கேள்விகளுக்கு வேட்டைக்காரர்களும் பண்ணையாட்களும் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக விடை தேடியிருக்கிறார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்புதான் மருத்துவர்களும் அந்தத் தேடலில் சேர்ந்தார்கள். நல்ல தீனிக்காரர் கூட்டத்துக்குத் தீனி வைப்பதில்லை, கூட்டத்தில் உள்ள ஒவ்வொரு நாய்க்கும் வைக்கிறார் என்பதே அந்த அனுபவம் முழுவதும் சொல்லும் பாடம்.

கிரேக்கரும் ரோமரும்

கி.மு. 4-ஆம் நூற்றாண்டில் ஏதென்ஸைச் சேர்ந்த செனபோன் முயல் வேட்டை நாய்களைப் பற்றி ஒரு நூல் எழுதினார். குட்டிகளுக்கு அளவுக்கு மீறித் தீனி போடக் கூடாது என்று அதில் எச்சரிக்கிறார். மிதமிஞ்சிய உணவு கால்களைக் கோணலாக்கும், உடம்பில் நோயை உண்டாக்கும் என்பது அவர் கண்டது. வேகமாக வளரும் பெரிய இனக் குட்டிகளுக்கு அதிகம் ஊட்டினால் எலும்பும் மூட்டும் கெடும் என்பதை இன்றைய கால்நடை மருத்துவமும் ஒப்புக்கொள்கிறது. நாய்களுக்குக் குறுகிய பெயர்களை வைக்கும்படி சொல்லி 47 பெயர்களையும் அவர் பட்டியலிடுகிறார். கூப்பிட்டதும் நாய் திரும்ப வேண்டும் என்பதே நோக்கம். வேட்டைக் களத்துக்காகச் சொன்ன அந்த யோசனை, பிற்காலத்தில் தீனித் தொட்டியருகேயும் பயன்பட்டது.

ரோமர்களுக்கு நாய் பண்ணையின் ஓர் அங்கம். கி.மு. முதல் நூற்றாண்டில் வேளாண்மை நூல் எழுதிய வர்ரோ, ஆட்டுமந்தையைக் காக்கும் நாய்க்குப் பாலில் ஊறவைத்த பார்லி ரொட்டியைக் கொடுக்கச் சொல்கிறார். செத்த ஆட்டின் இறைச்சியை மட்டும் கொடுக்கக் கூடாது. ருசி கண்டால் காவல் நாயே மந்தைக்கு எமனாகும். அடுத்த நூற்றாண்டில் வாழ்ந்த கொலுமெல்லா, பார்லி மாவை மோரின் தெளிநீரில் கலந்து கொடுக்கலாம் என்கிறார். மேய்ச்சல் இல்லாத, பால் கிடைக்காத தோட்டப் பண்ணைகளில் ரொட்டியை அவரை வகைகள் வெந்த நீரில் வெதுவெதுப்பாகக் கரைத்து வைக்கலாம்.

உடற்கட்டைப் பற்றியும் கொலுமெல்லா தெளிவாக எழுதியிருக்கிறார். பண்ணை வீட்டுக் காவல் நாய் பருத்துக் கனமாக இருக்கலாம். அது வாசலை விட்டு அதிக தூரம் போவதில்லை, பார்த்தவுடன் திருடன் அஞ்சினால் போதும். மந்தை நாய் அப்படி இருக்க முடியாது. ஓநாயைத் துரத்தி ஓட வேண்டும், பிடித்தபின் சண்டையும் போட வேண்டும் என்பதால் அதற்கு நீண்டு மெலிந்த, வலுவான உடல் தேவை. எது சரியான உடல் என்பதை நாயின் வேலைதான் தீர்மானிக்கும் என்ற கருத்து இவ்வாறு முதல் நூற்றாண்டிலேயே எழுத்தில் வந்துவிட்டது.

பிரபுக்களின் கொட்டில்கள்

இடைக்கால ஐரோப்பாவில் வேட்டைநாய் வளர்ப்பு அரண்மனை சார்ந்த தொழிலானது. பிரெனே மலையடிவாரத்தில் ஃபுவா பகுதியை ஆண்ட கஸ்தோன் ஃபேபூஸ் 1387-இல் எழுதத் தொடங்கிய வேட்டை நூல் அதைப் பற்றி விரிவாகச் சொல்கிறது. கொட்டிலில் வைக்கோல் மாற்றுவதும் தண்ணீர் நிரப்புவதும் ஒரு சிறுவனின் பொறுப்பு. இரவிலும் அவன் நாய்களோடுதான் தங்க வேண்டும். தானிய ரொட்டி அன்றாடத் தீனி. நோயுற்ற நாய்க்கு ஆட்டுப் பால், அவரைச் சாறு, கொத்திய இறைச்சி, வெண்ணெய் சேர்த்த முட்டை என்று தனிப் பத்தியம் உண்டு.

வேட்டை முடிந்ததும் நாய்களுக்கு வெகுமதி தரும் சடங்கு ஒன்று இருந்தது. கொன்ற மானின் தோலை விரித்து, ரொட்டித் துண்டுகளை இரத்தத்திலும் குடலிலும் பிசைந்து அதன்மேல் பரப்பிக் கூட்டத்தை ஒருசேர அவிழ்த்துவிடுவார்கள். மோப்பம் பிடித்து மானின் இருப்பிடத்தைக் கண்டு சொல்லும் நாயை மட்டும் அந்த நெரிசலுக்குள் விடமாட்டார்கள். கயிற்றில் பிடித்தபடியே அதன் பங்கைத் தனியாகக் கொடுப்பார்கள். ஃபேபூஸின் நூலை யார்க் கோமகன் எட்வர்ட் 15-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் எழுதி, சொந்தமாகச் சில அத்தியாயங்களையும் சேர்த்தார். கொட்டில் பராமரிப்பு பற்றிய இந்த அறிவு அவர் வழியாக இங்கிலாந்து வாசகரை எட்டியது.

ஆங்கில நரி வேட்டைக் கொட்டில்

இந்தத் தொழில் முழு நுட்பத்தை அடைந்தது 18, 19-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தின் ஃபாக்ஸ்ஹவுண்ட் என்னும் நரி வேட்டை நாய்களின் கொட்டில்களில். ஒரு கொட்டிலில் அறுபது, எண்பது நாய்கள் இருப்பது சாதாரணம். அவற்றை ஜோடிக் கணக்கில்தான் எண்ணுவார்கள். முப்பது ஜோடி என்றால் அறுபது நாய்கள். வாரத்தில் பல நாட்கள், நாளுக்குப் பல மணி நேரம் அவை ஓட வேண்டும். கொழுத்த நாய் பின்தங்கும், இளைத்த நாய் அடுத்த வேட்டைக்குத் தேறாது. கூட்டமாக ஓடும் வேட்டையில் ஒன்றிரண்டு பின்தங்கினாலும் குறைதான். அதனால் எல்லா நாய்களையும் ஒரே தகுதியில் வைத்திருப்பது கொட்டிலின் மானப் பிரச்சினையாக இருந்தது.

கொட்டிலை ஒட்டிச் சமையல் கூடம் இருக்கும். பெரிய கொப்பரைகளில் ஓட்ஸ் மாவைக் கொதிக்கவைத்துக் களியாகக் கிண்டி, ஆறவிட்டுக் கெட்டியாக்குவார்கள். இன்னொரு கொப்பரையில் இறைச்சி வேகும். சுற்றுவட்டாரத்தில் செத்த அல்லது பயன்படாமல் போன குதிரைகளும் மாடுகளும் அங்கே வந்து சேரும். விவசாயிக்குச் செத்த மாட்டை அப்புறப்படுத்தும் வேலை மிச்சம். கொட்டிலுக்குக் குறைந்த செலவில் இறைச்சி. கெட்டியான களியை வெட்டி, இறைச்சிச் சாற்றில் கரைத்து, வெந்த இறைச்சியைக் கொத்திப் போட்டால் தீனி தயார். சாறு கூடினால் நீர்க்கும், களி கூடினால் கெட்டிப்படும், இறைச்சி கூடினால் சத்து ஏறும். ஒரே கொப்பரைச் சமையலிலிருந்து பலவகைத் தீனிகளைத் தயாரிக்க இந்தக் கலவை இடம் கொடுத்தது.

இந்த முறையை எழுத்தில் வகுத்தவர்களில் முதன்மையானவர் பீட்டர் பெக்ஃபோர்ட். டார்செட் மாவட்டத்தில் சொந்தக் கொட்டில் வைத்திருந்த இவர், நண்பருக்கு எழுதும் கடிதங்களின் வடிவில் 1781-இல் வேட்டை பற்றிய நூலை வெளியிட்டார். இளைத்த நாய்களைத் தனிக் கொட்டிலுக்குப் பிரித்துவிட வேண்டும், அப்போதுதான் இறைச்சி தேவைப்படும் நாய்கள் எல்லாவற்றுக்கும் அது கிடைக்கும் என்கிறார். மற்றவற்றைவிட மிகவும் மெலிந்திருப்பவற்றுக்கு மறுபடியும் தீனி வைக்க வேண்டும். கொழுத்தவற்றையும் பிரித்து, வயிறு முட்டத் தின்னவிடாமல் தடுக்க வேண்டும். இடைப்பட்டவை வேண்டிய அளவு தின்னலாம். மறுநாள் வேட்டைக்குப் போகும் நாய்களுக்குத் தீனி வைக்கும்போது தலைமை வேட்டைக்காரர் நேரில் நிற்க வேண்டும் என்பதையும் அவர் வற்புறுத்துகிறார்.

இந்த விதிகள் நடைமுறைக்கு வந்தது தீனி வேளையில்தான். முற்றத்தில் நீளத் தொட்டி நிறைந்திருக்கும். நாய்கள் அடைப்புக்குள் காத்திருக்கும். தலைமை வேட்டைக்காரர் திறந்த கதவருகே நின்று ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். பெயர் விழுந்த நாய் மட்டும் வெளியே வரும். மற்றவை வாசனை மூக்கைத் துளைத்தாலும் இடத்திலேயே நிற்கப் பழக்கப்பட்டவை. முதலில் வருபவை இளைத்தவையும், கூட்டம் சேர்ந்தால் தின்னக் கூச்சப்படுபவையும். அவை நெரிசலில்லாமல், அடியில் இருக்கும் இறைச்சியைத் தேடி நிதானமாகத் தின்னும். அடுத்து நடுத்தர உடம்புக்காரர்கள் வருவார்கள். பெருந்தீனிக்காரர்களுக்குக் கடைசியில்தான் அழைப்பு. இறைச்சி பெரும்பாலும் தீர்ந்துபோன களியைச் சில வாய் விழுங்குவதற்குள் அவற்றைப் பெயர் சொல்லித் திரும்ப அழைத்துவிடுவார்கள்.

இதற்குத் தராசு தேவைப்படவில்லை. விலா எலும்பும் முதுகெலும்பும் இடுப்பும் எப்படித் தெரிகின்றன என்று தினமும் பார்க்கும் கண்ணும், தடவிப் பார்க்கும் கையுமே அளவுகோல். அறுபது நாய்களின் பெயர், குணம், போன வாரத்து உடம்பு, இந்த வாரத்து உடம்பு ஆகியவற்றை நினைவில் வைத்திருப்பவர்தான் நல்ல தீனிக்காரர். எழுதப் படிக்கத் தெரியாதவராக இருந்தாலும் அந்தக் கணக்கை அவர் பிசகாமல் நடத்தினார்.

களியின் குறை

வளர்ந்த வேட்டைநாய்க்குக் களியும் இறைச்சியும் போதுமானவையாக இருந்தன. குட்டிகளுக்கு அது சரிப்படாது என்பதைக் கொட்டில்காரர்கள் அனுபவத்தில் அறிந்திருந்தார்கள். பால் மறந்த குட்டிகளை அக்கம்பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு அனுப்பிவிடுவது வழக்கம். அங்கே பாலும் வீட்டு மிச்சமும் தின்று, வெயிலில் ஓடியாடி வளர்ந்து, ஏறத்தாழ ஒரு வயதில் அவை கொட்டிலுக்குத் திரும்பும்.

தானியக் களியை மட்டும் நம்பினால் குட்டிக்கு என்ன ஆகும் என்பதை 1919 வாக்கில் பிரிட்டிஷ் மருத்துவர் எட்வர்ட் மெல்லன்பி சோதனை வழியாகக் காட்டினார். கட்டிடத்துக்குள்ளேயே அடைத்து வைத்து ஓட்ஸ் கஞ்சியை முக்கியத் தீனியாகக் கொடுத்த நாய்க்குட்டிகளுக்கு எலும்பு வளையும் ரிக்கட்ஸ் நோய் வந்தது. காட் மீன் ஈரல் எண்ணெய் கொடுத்தபோது அது தடுக்கப்பட்டது. வைட்டமின் டி கண்டுபிடிப்புக்கு வழிவகுத்த ஆய்வுகளில் இதுவும் ஒன்று.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் மக்காச்சோளமே முக்கிய உணவாக இருந்த வீடுகளில் நாய்களுக்கும் அதுவே கிடைத்தது. அந்த நாய்களுக்கு நாக்கு கறுத்துப் புண்ணாகி உயிரையே பறிக்கும் நோய் வந்தது. 1937-இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கான்ராட் எல்வெஜெம் குழுவினர் நிகோடினிக் அமிலம் கொடுத்து அதைக் குணப்படுத்தினர். மனிதருக்கு வரும் பெலாக்ரா நோய்க்கும் அதுவே மருந்தானது. வயிறு நிறைவது வேறு, சத்து நிறைவது வேறு என்பது இந்த ஆய்வுகளால் ஐயமின்றி உறுதிப்பட்டது.

பிஸ்கட், டின், மூட்டை

நகரங்களில் நாய் வளர்ப்பு பெருகியபோது கொப்பரையும் சமையல் கூடமும் எல்லோருக்கும் சாத்தியமாக இல்லை. ஜேம்ஸ் ஸ்ப்ராட் என்ற அமெரிக்கர் 1860-களில் லண்டனில் நாய் பிஸ்கட் தயாரிக்கத் தொடங்கினார். கோதுமை, காய்கறி, இறைச்சி ஆகியவற்றைச் சேர்த்துச் சுட்ட அந்த பிஸ்கட் கெடாது, எண்ணிக் கொடுக்க வசதியானது. நாய்க் கண்காட்சிகளில் நூற்றுக்கணக்கான நாய்களுக்கு ஒரே நேரத்தில் தீனி வைக்கவும் அது உதவியது. அந்த நிறுவனத்தில் வேலை பார்த்த சார்லஸ் க்ரஃப்ட்தான் 1891 முதல் தன் பெயரில் புகழ்பெற்ற நாய்க் கண்காட்சியை நடத்தினார்.

முதல் உலகப் போருக்குப் பின் அமெரிக்காவில் குதிரைகளுக்கு வேலை குறைந்தது. இல்லினாய் மாநிலத்தின் ராக்ஃபோர்டில் சேப்பல் சகோதரர்கள் 1922-இல் குதிரை இறைச்சியை டின்னில் அடைத்து ‘கென்-எல் ரேஷன்’ என்று விற்றார்கள். இரண்டாம் உலகப் போரின்போது தகரம் படைத்தேவைக்குப் போனதால் டின் உணவு சந்தையிலிருந்து மறைந்தது, உலர் உணவு அந்த இடத்தைப் பிடித்தது. 1957-இல் பியூரினா நிறுவனம், மாவுக் கலவையை வெப்பத்திலும் அழுத்தத்திலும் துளை வழியே பிதுக்கிப் பொரியாக்கிய ‘டாக் சௌ’வை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்றைய மூட்டைத் தீனியில் பெரும்பகுதி இந்த முறையில் தயாராவதுதான்.

மூட்டைத் தீனி உழைப்பைக் குறைத்தது, சத்துக் குறைபாட்டு நோய்களையும் பெருமளவு குறைத்தது. அதேசமயம் தீனிக்காரரின் கண்ணுக்கு இருந்த மதிப்பையும் குறைத்தது. மூட்டையின் முதுகில் அச்சிட்ட அளவு சராசரி நாய்க்கானது. வீட்டில் இருப்பது சராசரி நாய் அல்ல. உலர்ந்த உணவு கெடாது என்பதால் நாள் முழுக்கக் கிண்ணத்தில் போட்டு வைக்கும் வழக்கமும் பரவியது. ஒரே நாய் உள்ள வீட்டில் அதன் விளைவு சீக்கிரம் தெரிந்துவிடும். மூன்று நான்கு நாய்கள் உள்ள வீட்டில் எது எவ்வளவு தின்றது என்பதே தெரியாமல் போகும். ஒன்று கொழுக்கும், ஒன்று இளைக்கும், கிண்ணம் மட்டும் காலியாகிக்கொண்டே இருக்கும். நோயாளி நாய் தின்ன மறுத்தாலும் பக்கத்து நாய் அதைத் தின்று தீர்ப்பதால், நோயின் முதல் அறிகுறியே மறைந்துவிடும்.

மருந்தாக உணவு

நோய்க்கேற்ற உணவு 20-ஆம் நூற்றாண்டில் மருத்துவர் கைக்கு வந்தது. நியூ ஜெர்சியில் கால்நடை மருத்துவமனை நடத்திய மார்க் மாரிஸிடம் 1939-இல் மாரிஸ் ஃபிராங்க் என்ற பார்வையற்றவர் படி என்ற தன் வழிகாட்டி நாயைக் கொண்டுவந்தார். அதற்குச் சிறுநீரகம் கெட்டிருந்தது. மருத்துவர் மாரிஸ், புரதமும் உப்பும் குறைந்த உணவைத் தயாரித்து நாயைத் தேற்றினார். ஃபிராங்க் ஊர் ஊராகப் பயணம் செய்தவர் என்பதால் உணவைக் கண்ணாடி ஜாடிகளில் அடைத்து அனுப்ப வேண்டியிருந்தது. ஜாடிகள் உடைந்ததால் டின்னுக்கு மாறினார்கள். 1948-இல் கான்சாஸ் மாநிலத்தின் டொபீகாவில் இருந்த ஹில் பேக்கிங் நிறுவனம் அதைத் தயாரிக்கத் தொடங்கியது. மருத்துவர் பரிந்துரையில் விற்கும் நாய் உணவு வகை இவ்வாறு பிறந்தது.

இதன்பின் ஒரே வீட்டில் இரண்டு மூன்று வகைத் தீனி இருப்பது இயல்பாயிற்று. பழைய கொட்டிலில் ஒரே களியின் அளவும் இறைச்சியின் பங்கும்தான் நாய்க்கு நாய் மாறின. இப்போது உணவே வேறு வேறு. சிறுநீரக நோயாளியின் உணவு வளரும் குட்டிக்குப் போதாது. குட்டியின் புரதம் மிகுந்த உணவு நோயாளிக்கு ஆகாது. கிண்ணம் மாறினால் இரண்டுக்கும் கேடு.

அளவும் எடையும்

அளவைக் கணக்கிடவும் அறிவியல் துணைக்கு வந்தது. விலங்கின் எடையும் அதன் ஆற்றல் தேவையும் ஒரே விகிதத்தில் உயர்வதில்லை என்பதை மாக்ஸ் கிளைபர் 1932-இல் காட்டினார். அந்தக் கணக்கின்படி 10 கிலோ நாய் ஓய்வில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 400 கிலோகலோரி செலவிடும். 40 கிலோ நாய்க்கு நான்கு மடங்கு வேண்டியதில்லை. 1,100 கிலோகலோரியே ஓய்வுத் தேவை. வேலை இந்தக் கணக்கைத் தலைகீழாக்கும். அலாஸ்காவில் நெடுந்தூரப் பந்தயம் ஓடும் 25 கிலோ ஸ்லெட்ஜ் நாய் நாளுக்கு 10,000 கிலோகலோரிக்கு மேல் செலவழிக்கிறது. கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் நாய்க்கோ தேவை குறைந்துவிடும்.

கொட்டில்காரரின் கண்ணையும் கையையும் எண்ணாக மாற்றும் முயற்சியும் நடந்தது. டாட்டி லஃப்ளாம் 1997-இல் வெளியிட்ட ஆய்வில் நாயின் உடல்நிலைக்கு 1 முதல் 9 வரை மதிப்பெண் தரும் முறை உறுதிசெய்யப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்தால் 1, கொழுப்பு மூடி விலாவே தட்டுப்படாவிட்டால் 9. விலா எலும்புகள் மெல்லிய சதைக்கு அடியில் எளிதாகத் தட்டுப்பட்டு, மேலிருந்து பார்த்தால் இடுப்பு ஒடுங்கித் தெரிந்தால் 4 அல்லது 5. அதுவே நல்ல நிலை.

ஒல்லியாக வைத்திருப்பதன் பலன் எவ்வளவு என்பதற்கு பியூரினா நடத்தி 2002-இல் வெளியிட்ட ஆய்வு வலுவான சான்று. ஒரே ஈற்றில் பிறந்த லாப்ரடார் குட்டிகளை ஜோடி சேர்த்து, 48 நாய்களை வாழ்நாள் முழுவதும் கவனித்தார்கள். ஜோடியில் ஒன்றுக்கு மற்றதைவிட 25 சதவீதம் குறைவான தீனி, உணவு ஒன்றே. குறைத்துத் தின்ற நாய்களின் இடைநிலை ஆயுள் 13 ஆண்டு, மற்றவற்றுக்கு 11.2 ஆண்டு. மூட்டு வாதம் போன்ற நோய்களும் ஒல்லியானவற்றுக்குத் தாமதமாகவே வந்தன. ஒரே இரத்தம், ஒரே உணவு, ஒரே கூரை; கிண்ணத்தின் அளவு ஒன்றுதான் வேறு.

இன்றைய வழக்கம்

பல நாய்கள் உள்ள வீடுகளுக்கு இன்று கால்நடை மருத்துவர்கள் சொல்லும் முறையில் பழைய கொட்டிலின் ஒழுங்கும் புதிய கணக்கும் சேர்ந்திருக்கின்றன. தீனி வேளைகளைக் குறித்து வைத்து, நாள் முழுக்கக் கிண்ணத்தை நிரப்பி வைக்கும் வழக்கத்தை விட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் தனிக் கிண்ணம், தனி இடம். உணவு வகை வேறானால் இடையில் கதவோ கூண்டோ இருப்பது நல்லது. கால் மணி, இருபது நிமிடத்தில் கிண்ணத்தை எடுத்துவிட வேண்டும். அப்போதுதான் எது மிச்சம் வைத்தது என்பதும் தெரியும். கோப்பையால் அள்ளுவதைவிடத் தராசில் கிராம் கணக்கில் நிறுப்பது துல்லியமானது. பயிற்சிக்காகவும் ஆசைக்காகவும் கொடுக்கும் தின்பண்டங்கள் நாளின் மொத்த ஆற்றலில் 10 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. அதற்கேற்ப வேளைத் தீனியைக் குறைக்க வேண்டும். மாதம் ஒருமுறை எடை பார்த்து, விலாவைத் தடவி மதிப்பெண் குறித்து, அடுத்த மாத அளவைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டும்.

மெதுவாகத் தின்பதைத் தனியே, நிதானமாகத் தின்னவிடுவது, விழுங்கியை அளந்து நிறுத்துவது, இளைத்ததற்கு மறுவேளை வைப்பது ஆகிய மூன்றும் பெக்ஃபோர்ட் காலத்திலிருந்து மாறவில்லை. கிலோகலோரிக் கணக்கும் நோய்க்கேற்ற உணவும் அவற்றோடு பின்னர் சேர்ந்தவை.